பழைய ஃபிளாட்டின் தரை: பெயர்த்து எடுப்பதா, மேலேயே போடுவதா?

பழைய அபார்ட்மெண்ட்டை நவீனமாக மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் சுவர் நிறத்திலும் விளக்கிலும்தான் ஆரம்பிக்கிறார்கள். நான் தரையில் ஆரம்பிக்கச் சொல்வேன். ஹாலும் அறைகளும் ஒரே தரையாக, நடுவில் பட்டையோ மேடோ இல்லாமல் இருந்தால் சின்ன ஃபிளாட்கூடப் பெரிதாகத் தெரியும். சரி, பழைய தரையை என்ன செய்வது?

முழுசாகப் பெயர்த்துவிட்டுப் புது டைல்ஸ் போடுவதுதான் சுத்தமான வேலை என்று கொத்தனார்கள் பலரும் சொல்வார்கள். உண்மைதான். மட்டத்தைச் சரிசெய்யலாம், அடியில் போகும் பழைய பைப்பையும் மாற்றிக்கொள்ளலாம், தரையின் உயரமும் ஏறாது. ஆனால் 100 சதுர அடி அறையில் டைல்ஸோடு அடியில் இருக்கும் 5 செ.மீ. சிமெண்ட் கலவையையும் எடுத்தால் கிட்டத்தட்ட 1 டன் இடிபாடு வரும், அவ்வளவையும் மூட்டை கட்டிக் கீழே இறக்க வேண்டும், கீழ்வீட்டுக்காரர்களும் நாள் முழுக்க அந்தச் சத்தத்தைச் சகிக்க வேண்டும். அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கும், நுரையீரலுக்குக் கெடுதல், அதனால் குழந்தைகளை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யவே செய்யாதீர்கள்.

பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டுவது இரண்டாவது வழி. பசையும் டைல்ஸும் சேர்ந்து ஏறக்குறைய 12 முதல் 15 மி.மீ. உயரும். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், ஆனால் எல்லாக் கதவையும் அடியில் அறுக்க வேண்டியிருக்கும், வாசல் கதவு இரும்பாக இருந்தால் அதுவே பெரிய தலைவலி. அப்புறம், இதில் சிமெண்ட் பால் ஊற்றி ஒட்டும் வேலையே கூடாது. பழைய டைல்ஸின் வழவழப்பு தண்ணீரை உறிஞ்சாது, விட்ரிஃபைட் டைல்ஸும் உறிஞ்சாது, ஆகவே இதற்கென்றே விற்கும் பாலிமர் கலந்த பசைதான் வேண்டும். அதற்கு முன்னால் ஒவ்வொரு டைலையும் கட்டையால் தட்டிப் பாருங்கள். வெற்றுச் சத்தம் வருகிற டைல் அடியில் பிடிப்பு விட்டுப்போன டைல், அதை மட்டும் எடுத்து நிரப்ப வேண்டும். அறை முழுக்க அப்படியே சத்தம் வந்தால் பெயர்ப்பதைத் தவிர வழியில்லை.

மூன்றாவது வழி, பழைய தரை மேலேயே எஸ்.பி.சி. பலகைகள் போடுவது. கல் பொடியும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த இவை 4 முதல் 6 மி.மீ. கனம்தான், ஒன்றோடொன்று கிளிக் செய்து மாட்டுவது, ஓர் அறையை ஒரே நாளில் முடித்துவிடலாம். வேகத்தில் இதற்கு ஈடில்லை. மேடு பள்ளம் இருந்தால் மட்டும் நடக்க நடக்க இணைப்பு விட்டுப்போகும், சுவரோரம் கொஞ்சம் இடைவெளியும் விட வேண்டும். பலகை தண்ணீரில் கெடாது என்பது சரி, ஆனால் ஓரம் வழியாக அடியில் இறங்கிய தண்ணீர் அங்கேயே தங்கிவிடும். படுக்கையறைக்கு நல்லது, சமையலறைக்கு நான் போடமாட்டேன்.

உங்கள் வீட்டில் மொசைக் தரை இருந்தால், தயவுசெய்து அதை மூடாதீர்கள். விரிசலை நிரப்பி, வைரத் துகள் பதித்த தேய்ப்பு வட்டுகளால் இழைத்துப் பாலிஷ் போட்டால் உயரம் ஒரு மி.மீ.கூடக் கூடாமல் புதுத் தரை கிடைக்கும். இப்போது டெரஸ்ஸோ என்ற பெயரில் ஆசையாகத் தேடிப் போடுவதும் இந்த வகைத் தரையைத்தான்.

பழைய வினைல் ஓடுகள் என்றால் கவனம். 1980களுக்கு முன் போட்டவற்றில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கலாம், பரிசோதிக்காமல் சுரண்டவே கூடாது.

ஆக, தரை உறுதியாக இருந்தால் அறைகளில் மேலேயே போடுவதுதான் என் தேர்வு. குளியலறை மட்டும் வேறு கணக்கு. அங்கே மேலே ஒட்டினால் அறைக்கும் குளியலறைக்கும் இடையிலான இறக்கம் குறைந்து தண்ணீர் வெளியே வரும், அடியில் கெட்டுப்போன வாட்டர்ப்ரூஃபிங்கும் கெட்டபடியே இருக்கும், கசிவு கீழ்வீட்டுக் கூரையில் தெரியும். குளியலறைத் தரையை மட்டும் முழுசாகப் பெயர்த்து, வாட்டர்ப்ரூஃபிங் செய்து, வடிகால் பக்கம் வாட்டம் வைத்து, ஒரு நாள் தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகுதான் டைல்ஸ் ஒட்டச் சொல்லுங்கள்.