கூகுள் டிவியின் ‘ஆப்ஸ் ஒன்லி’ மோட்: விளம்பரம் எவ்வளவு குறைகிறது?

டிவியை ஆன் செய்ததும் திரையின் மேல்பாதியை ஏதோ ஒரு படத்தின் பேனர் அடைத்துக்கொள்கிறது. அதன் கீழே, நாம் சந்தாவே கட்டாத ஆப்களின் தொடர்கள் வரிசைகட்டி நிற்கின்றன. நம்முடைய ஆப்களுக்குக் கிடைப்பது நடுவில் ஒற்றை வரிசை. காசு கொடுத்து வாங்கிய திரையில் இது நியாயமே இல்லை.

கூகுள் டிவியில் இதற்கு ஒரு வழி உண்டு. செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதிக்குப் போய், உங்கள் புரொஃபைலைத் திறந்து, ‘ஆப்ஸ் ஒன்லி மோட்’ என்பதை ஆன் செய்யுங்கள். பரிந்துரை வரிசைகள் மொத்தமும் போய், ஆப் ஐகான்கள் மட்டும் மிஞ்சும். ஆனால் மேலே ஒரு பேனர் அப்படியே இருக்கும். குரல் தேடலும் வாட்ச்லிஸ்ட்டும் வேலை செய்யாது. என்ன பார்க்கப்போகிறோம் என்று தெரிந்து உட்காருபவர்களுக்கு இது போதும். ரிமோட்டில் பேசியே படம் தேடும் பெரியவர்கள் இருக்கும் வீட்டில் போடவே போடாதீர்கள்.

ஃபயர் டிவியில் இப்படி ஒரு மோட் கிடையாது. பிரிஃபரன்சஸில் ‘ஃபீச்சர்ட் கன்டென்ட்’ என்பதற்குள் வீடியோ ஆட்டோபிளே, ஆடியோ ஆட்டோபிளே இரண்டையும் ஆஃப் செய்தால், பேனர் தானாக ஓடிக் கத்தாது. அவ்வளவுதான்.

பேனரைவிட மோசமானது ஏசிஆர் (ஆட்டோமேட்டிக் கன்டென்ட் ரெகக்னிஷன்). திரையில் ஓடும் காட்சியைத் துண்டு துண்டாக எடுத்து, டேட்டாபேஸோடு ஒப்பிட்டு, நீங்கள் பார்ப்பது என்ன என்று கண்டுபிடிக்கும். பல டிவிகளில் எச்டிஎம்ஐ வழியாக வருவதையும் விடாது. அதனால் தனி பாக்ஸ் மாட்டினால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். 1.1 கோடி டிவிகளில் அனுமதியில்லாமல் இப்படித் தகவல் சேகரித்த வழக்கில், 2017இல் விசியோ 22 லட்சம் டாலர் கட்டியது. சாம்சங்கில் இதன் பெயர் ‘வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்’, எல்ஜியில் ‘லைவ் பிளஸ்’. முதல் செட்டப்பில் அவசரத்தில் ‘அக்ரீ ஆல்’ அழுத்தும்போதுதான் இது ஆன் ஆகிறது. ஆஃப் செய்த பிறகும், ஒவ்வொரு சாஃப்ட்வேர் அப்டேட் முடிந்ததும் ஒருமுறை பாருங்கள்.

ரௌட்டர் பக்கம், விளம்பர முகவரிகளை வீட்டு நெட்வொர்க்கிலேயே தடுக்கும் பை-ஹோல் மென்பொருளைப் போட்டால் சில பேனர்கள் மறையும். யூடியூப் விளம்பரம் மட்டும் போகாது. வீடியோ வரும் சர்வரிலிருந்தே அதுவும் வருகிறது. அதன் தடுப்புப் பட்டியலில் கண்டதையெல்லாம் சேர்த்தால் ஆப்களே திறக்காமல் அடம்பிடிக்கும்.

முழு நிம்மதி வேண்டுமென்றால், கூகுள் டிவி செட்டப்பில் ‘பேசிக் டிவி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போது டிவி இணையத்தில் சேராது; சேராத டிவி எதையும் வெளியே அனுப்ப முடியாது. ஏற்கெனவே செட்டப் முடித்த டிவி என்றால், ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.