கோல்ஃப் ஹேட்ச்பேக்கா, கோல்ஃப் எஸ்டேட்டா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எடுத்தது எஸ்டேட், அதாவது கூரை கடைசி வரை நீண்டு பின்னால் பெரிய டிக்கி இருக்கும் வகை; ஹேட்ச்பேக் என்பது பின்பக்கம் குட்டையான வகை. எட்டாம் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப், சில நாடுகளில் வேரியண்ட் என்ற பெயரில் விற்பது. அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம். இரண்டையும் ஓட்டிப் பார்த்தோம், வீட்டில் இருந்த ஸ்ட்ரோலரையும் பெட்டிகளையும் கொண்டுபோய் டிக்கியில் ஏற்றி இறக்கிப் பார்த்தோம், அதற்கு அப்புறம்தான் முடிவு.

ஒன்றாக இருக்கும் விஷயங்களில் நேரத்தை வீணாக்க வேண்டாம். முன் இருக்கை, டேஷ்போர்டு, எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் பெரும்பாலும் பொது. அதே ஆயில், அதே ஃபில்டர், அதே பிரேக் பேட் என்பதால் சர்வீஸ் செலவைக் காட்டி யாராவது உங்களை ஒரு பக்கம் இழுத்தால் நம்பாதீர்கள். எஸ்டேட் கொஞ்சம் கனம், விலையும் கொஞ்சம் கூட. பெட்ரோல் செலவில் எனக்குக் கண்ணில் படுகிற மாதிரி வித்தியாசம் தெரியவில்லை.

நீளம்தான் கண்ணில் படுகிறது. ஹேட்ச்பேக் 4.28 மீட்டர், எஸ்டேட் 4.63 மீட்டர். இந்த 35 செ.மீ முழுக்க டிக்கிக்குப் போய்விடவில்லை. எட்டாம் தலைமுறையில் எஸ்டேட்டின் வீல்பேஸே (முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம்) ஹேட்ச்பேக்கைவிடச் சுமார் 5 செ.மீ அதிகம், பின்னால் உட்காருகிறவரின் முழங்காலுக்கு அது தெரியும். ஏழாம் தலைமுறையில் கதை வேறு. அதில் இரண்டுக்கும் வீல்பேஸ் ஏறக்குறைய ஒன்றுதான், கூடுதல் நீளம் எல்லாம் பின்சக்கரத்துக்குப் பின்னால். பழைய வண்டி தேடுகிறவர்கள் 'குடும்ப மாடல், கால் வைக்கத் தாராளமாக இருக்கும்' என்று நினைத்து ஏழாம் தலைமுறை எஸ்டேட் வாங்கினால் பின்சீட்டில் ஹேட்ச்பேக்கின் அதே இடம்தான் கிடைக்கும். குழந்தை இருக்கையைப் பின்னோக்கி மாட்டுகிறவர்களுக்கு இது முக்கியம். ஐ-சைஸ் என்ற ஐரோப்பியக் குழந்தை இருக்கை விதிப்படி குறைந்தது 15 மாதம் வரை குழந்தை பின்னோக்கித்தான் உட்கார வேண்டும், அந்த இருக்கை வந்ததும் முன்சீட்டைத்தான் முன்னால் தள்ள வேண்டியிருக்கிறது.

சரி, டிக்கிக்கு வருவோம். என் முடிவு இங்கேதான் ஆனது.

ஹேட்ச்பேக்கில் 381 லிட்டர், எஸ்டேட்டில் 611. பின்சீட்டை மடக்கினால் 1237, 1642. விளம்பரங்களில் பெரிதாகத் தெரிவது கடைசி இரண்டு எண்கள். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அந்த இரண்டும் கிட்டத்தட்டப் பயனற்றவை, ஏனென்றால் மடக்க வேண்டிய சீட்டில் ஆள் உட்கார்ந்திருக்கிறார். ஒரு பக்கம் குழந்தை இருக்கை, மறு பக்கம் பாட்டியோ பெரிய பிள்ளையோ என்றால் ஒரு பகுதியைக்கூட மடக்க முடியாது. ஆகவே ஒப்பிட வேண்டியது சீட்டை மடக்காமல் கிடைக்கும் இடத்தை மட்டும்தான். அப்படிப் பார்த்தால் எஸ்டேட்டில் 230 லிட்டர் கூட, அதாவது ஹேட்ச்பேக் டிக்கியில் பாதிக்கு மேல் இன்னொரு தடவை.

இந்த லிட்டர் எப்படி வருகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. ஐரோப்பியக் கார்களுக்குப் பெரும்பாலும் 20 x 10 x 5 செ.மீ கட்டைகளை அடுக்கி எத்தனை பிடிக்கிறது என்று எண்ணுவார்கள், ஒரு கட்டை ஒரு லிட்டர். சின்னக் கட்டை மூலைமுடுக்கெல்லாம் நுழையும், மடக்கிய ஸ்ட்ரோலர் நுழையாது. அதனால் லிட்டரைவிட அடித்தளத்தின் நீளமும் அகலமும்தான் பேச வேண்டும். ஹேட்ச்பேக்கில் எங்கள் ஸ்ட்ரோலரைப் படுக்க வைத்ததும் தளம் தீர்ந்துவிட்டது, மிச்சப் பெட்டிகள் அதன் மேலே ஏற வேண்டும், டிக்கியை மேலே மூடும் பார்சல் ட்ரேயைக் கழற்ற வேண்டும், கண்ணாடி வரை அடுக்க வேண்டும். எஸ்டேட்டில் ஸ்ட்ரோலர் ஒரு பக்கம் ஒதுங்க, பெட்டிகள் அதன் அருகிலேயே தரையில் நின்றன, மேல்திரையையும் இழுத்து மூட முடிந்தது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் வசதி மட்டும் இல்லை. சீட்டின் முதுகுக்கு மேலே அடுக்கிய சாமானைத் தடுக்க எதுவும் கிடையாது. 50 கி.மீ வேகத்தில் எதிலாவது மோதினால் கட்டாத பொருள் தன் எடையைப் போல 30 மடங்குக்கும் மேலான விசையோடு முன்னால் பாயும், முன்னால் இருப்பது குழந்தையின் தலை. சாமானைச் சீட்டு முதுகுக்குக் கீழே வைத்தால் அந்தக் கவலையில் பெரும்பகுதி போய்விடுகிறது. எஸ்டேட்டில் தேவைப்பட்டால் சீட்டுக்கும் கூரைக்கும் நடுவே தடுப்பு வலையும் மாட்டலாம். அப்புறம் பின்கண்ணாடி வழியாக ரோடு தெரிகிறது என்பது கூடுதல் லாபம்.

'ஹேட்ச்பேக் வாங்கி, ஊருக்குப் போகும்போது மட்டும் கூரைப் பெட்டி மாட்டினால் போதாதா?' நியாயமான கேள்வி, நானும் கொஞ்ச நாள் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தேன். கோல்ஃபின் கூரை தாங்கும் எடை 75 கிலோ, அதில் குறுக்குக் கம்பிகளும் பெட்டியும் அடக்கம். அவை போக ஏற்றக்கூடியது ஐம்பது கிலோவுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ. துணிமணிக்குப் போதும். ஆனால் ஸ்ட்ரோலரைக் கூரையில் ஏற்றிவிட்டு நடுவழியில் குழந்தை தூங்கும்போது அதை இறக்கச் சொன்னால் யார் இறக்குவது? காற்றை எதிர்த்துப் போவதால் நெடுஞ்சாலையில் எரிபொருளும் கூடும், உயரம் குறைந்த பார்க்கிங்கில் நுழையவும் முடியாது. வருடத்துக்கு ஒரு நீண்ட பயணம்தான், மற்ற நாளெல்லாம் இரண்டு பேர்தான் என்றால் பெட்டி வழியே சரி.

ஹேட்ச்பேக் ஜெயிக்கும் இடங்களும் உண்டு, மறைக்க மாட்டேன். வாலில்லாத வண்டி நெருக்கமான தெருவில் சட்டென்று திரும்புகிறது, ஓட்டவும் கூடுதல் குஷி. எஸ்டேட்டில் பின்னால் அவ்வளவு பெரிய காலியிடம் இருப்பதால் கரடுமுரடான ரோட்டில் டயர் சத்தம் உள்ளே கொஞ்சம் முழங்குகிறது, டிக்கி நிறைந்திருந்தால் கேட்பதில்லை. பார்க்கிங் சென்சார் இல்லாமல் எஸ்டேட் எடுக்காதீர்கள். மறுவிற்பனையில் எது நிற்கும் என்று என் அனுபவத்தில் சொல்ல ஒன்றும் இல்லை, இன்னும் விற்கவில்லை.

பிளக்-இன் ஹைப்ரிட் (பெட்ரோலோடு, சார்ஜ் செய்யும் பேட்டரியிலும் ஓடுவது) ஹேட்ச்பேக் மேல் ஆசை இருந்தால் டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு ஆசைப்படுங்கள். பேட்டரிக்கு இடம் விட்டது போக 273 லிட்டர்தான், எங்கள் ஸ்ட்ரோலர் உள்ளே போனால் கதவு மூடுமா என்பதே சந்தேகம்.

வயதான பெற்றோரை அடிக்கடி ஏற்றி இறக்குகிறவர்கள் மட்டும் இரண்டையும் விட்டுவிட்டு 2014-இல் வந்த கோல்ஃப் ஸ்போர்ட்ஸ்வேனைப் பழைய வண்டிகளில் தேடலாம். இருக்கை உயரம் கூட என்பதால் குனிந்து விழாமல் உட்காரலாம், பின்சீட்டு முன்னும் பின்னும் நகரும், அதற்கேற்ப டிக்கி 500-இலிருந்து 590 லிட்டர் வரை. அடுத்த தலைமுறை வராமலேயே நிறுத்திவிட்டார்கள், அதனால் நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் ரொம்ப யோசிக்க வேண்டாம். பின்சீட்டைக் கடைசி வரை முன்னால் இழுத்து, அந்த நிலையில் பெரியவர் ஒருவரை உட்கார வைத்துப் பாருங்கள். 590 லிட்டர் அப்போதுதான் கிடைக்கிறது.