முத்துவும் ஒரு சின்னத் தராசும்: லெப்பர்ட் கெக்கோவோடு ஏழு ஆண்டுகள்

முத்து எங்களிடம் வந்தபோது 18 கிராம் இருந்தான். இப்போது 71. இடையில் ஏழு ஆண்டுகள் ஓடிவிட்டன. மருத்துவரிடம் ஐந்து முறை தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம். அவனுக்கு ஒரு விரல் நுனி போயிருக்கிறது. லெப்பர்ட் கெக்கோ என்ற இந்தப் பல்லி வகையை வளர்ப்பது எளிது என்று எல்லோரும் சொல்வார்கள். சாதுவான பிராணி, சத்தம் போடாது, நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 முதல் 20 ஆண்டுகள் வரைகூட வாழும். இதெல்லாம் உண்மைதான். ஆனால் உடம்புக்கு முடியவில்லை என்பதை இது வெளியே காட்டிக்கொள்ளாது. வெட்டவெளியில் சோர்ந்து கிடக்கும் பிராணி எதற்காவது இரையாகிவிடும். அந்தப் பயம் கண்ணாடித் தொட்டிக்குள் வந்த பிறகும் இதை விட்டுப் போவதில்லை. நம் கண்ணுக்குத் தெரியும்போது நோய் முற்றியிருக்கும். இத்தனை ஆண்டுகளில் வாங்கிய பொருள்களில் அவனைக் காப்பாற்றியது எது என்று கேட்டால், ஒரு கிராம் வித்தியாசத்தையும் காட்டும் டிஜிட்டல் தராசு என்றுதான் சொல்வேன்.

அந்த முடிவுக்கு வர எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின.

முதல் தவறு சூட்டில் நடந்தது. தொட்டியின் ஒரு பக்கத்து அடியில் ஹீட் மேட் என்ற சூடாக்கும் விரிப்பை வைத்து, கண்ணாடியில் ஒட்டும் வட்டத் தெர்மாமீட்டர் ஒன்றை மாட்டியிருந்தேன். அது 30 டிகிரி காட்டியது. நானும் நிம்மதியாக இருந்தேன். முத்து மட்டும் எந்நேரமும் குளிர்ந்த மூலையிலேயே ஒண்டிக்கொண்டிருந்தான், சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு தூரத்திலிருந்தே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் கருவியைத் தரையை நோக்கிப் பிடித்துப் பார்த்தால் 42 டிகிரி! காற்றின் சூடு வேறு, வயிறு படும் தரையின் சூடு வேறு. இந்தப் பல்லிக்குப் போதிய சூடு இல்லாமல் செரிமானம் சரியாக நடக்காது. அதே சூடு அளவு மீறினால் வயிற்றுத் தோல் வெந்துவிடும். சூடான பக்கத்தின் தரை 31 முதல் 33 டிகிரி, மறுபக்கம் 25 வாக்கில், இதுதான் கணக்கு. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் மேட் வாங்கவே வாங்காதீர்கள். நான் முதலில் போட்ட தெர்மோஸ்டாட் மூன்றாம் ஆண்டில் பழுதானது. சூட்டை வாரம் ஒரு முறை கையால் அளக்கும் பழக்கம் இருந்ததால் அன்றே தெரிந்துவிட்டது.

அடுத்தது மணல். பாலைவனப் பிராணி என்று கேள்விப்பட்டதும் மெல்லிய மணலைப் பரப்பினேன். கால்சியம் கலந்த மணல், வயிற்றில் போனாலும் கரைந்துவிடும் என்று விற்றவர் உறுதியாகச் சொன்னார். உண்மையில் இவை வாழ்வது பாறையும் கெட்டி மண்ணும் கலந்த வறண்ட நிலத்தில். முத்து இரையோடு சேர்த்து மணலையும் விழுங்கியிருக்கிறான். ஒன்பது நாள் எச்சமே போடவில்லை, வயிறு உப்பி இறுகியது. எக்ஸ்ரே படத்தில் குடல் முழுக்க வெள்ளையாக மணல் தெரிந்தது. நீர்ச்சத்து ஏற்றி, சூட்டைச் சீராக வைத்து, மருத்துவர் சொன்னபடியே பார்த்துக்கொண்டோம். நான்காம் நாள் அடைப்பு விலகியது. மணல் மட்டுமே குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. சூடு குறைந்தாலும் உடலில் நீர் வற்றினாலும் குடல் மந்தமாகும். கால்சியம் போதாத பல்லி தானாகவே மணலை நக்கத் தொடங்கும். எப்படியிருந்தாலும் குட்டிகளுக்கு மணல் வேண்டாம். அன்றிலிருந்து எங்கள் தொட்டியில் சொரசொரப்பான தரை ஓடுதான். துடைப்பதும் சுலபம், நகமும் தானாகத் தேய்கிறது.

இனி அந்த விரல் கதை. இதைச் சொல்லும்போது இன்னும் மனசு கனக்கிறது.

லெப்பர்ட் கெக்கோ முழுத் தோலையும் சட்டை மாதிரி உரித்து, அதைத் தின்றும்விடும். குட்டியாக இருக்கும்போது அடிக்கடி உரிக்கும், வளர்ந்த பிறகு மாதம் ஒரு முறை அல்லது அதைவிடக் கொஞ்சம் தள்ளி. அதற்கு முன் உடம்பு மங்கி வெளுத்துப்போகும். காற்றில் ஈரம் போதாவிட்டால் விரல் நுனியில் பழைய தோல் மோதிரம் போலத் தங்கிவிடும். அடுத்த முறை அதன்மேல் இன்னொரு மோதிரம். அது காய்ந்து இறுகினால் ரத்த ஓட்டம் நின்று விரல் கருத்து உதிரும். இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் என் மகள்தான் பார்த்தாள். "அப்பா, முத்துவோட விரல்ல வெள்ளையா ஏதோ சுத்தியிருக்கு." நான் கிட்டப்போய்ப் பார்த்தேன், அடுத்த முறை உரிக்கும்போது தானாகப் போய்விடும் என்று சொல்லி விட்டுவிட்டேன். பத்து நாளில் நுனி கருத்துவிட்டது. மருத்துவர் செய்ய ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. புண்ணாகாமல் பார்த்துக்கொள்ள மருந்து கொடுத்தார். வாலை உதிர்த்தால் அது திரும்ப முளைக்கும், வடிவம் மாறினாலும் முளைக்கும். விரல் முளைக்காது.

அதற்குப் பிறகு செய்தது இரண்டு காரியம். மூடியுள்ள சின்ன டப்பா ஒன்றில் வாசல் வெட்டி, உள்ளே ஈரப்பாசி போட்டுச் சூடான பக்கத்தில் வைத்தேன். தொட்டி முழுக்க ஈரமாக்கினால் மூச்சுத் தொல்லை வரும். இந்த ஒரு டப்பா மட்டும் ஈரமாக இருந்தால் போதும். நிறம் மங்கத் தொடங்கியதுமே முத்து தானாக அதற்குள் போய்ப் படுத்துக்கொள்கிறான். அடுத்த நாள் காலையில் இருபது விரலையும் டார்ச் அடித்து எண்ணிப் பார்ப்பேன், இப்போது பத்தொன்பதரை. தோல் ஒட்டியிருந்தால், வெதுவெதுப்பான ஈரத்துணி விரித்த டப்பாவில் அரை மணி நேரம் விட்டு, பஞ்சு சுற்றிய குச்சியால் மெல்ல உருட்டி எடுப்பேன். இழுக்கவே கூடாது. கண்ணையும் பார்க்க வேண்டும். சுவரில் ஓடும் பல்லிக்கு இமை கிடையாது, இதற்கு உண்டு. இமைக்கு அடியில் தோல் தங்கினால் கண் வீங்கி மூடிக்கொள்ளும். அதை வீட்டில் நோண்டக் கூடாது, மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

கால்சியம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட் பூச்சியிலும் மாவுப்புழுவிலும் கால்சியத்தைவிட பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். கால்சியம் பொடி தூவாமல் இரையாகக் கொடுத்தால் பல்லி தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கும். தாடை ரப்பர் போலத் துவளும், கால் வளையும், நடுக்கம் வரும். நண்பர் ஒருவர் வளர்த்த குட்டியை அந்த நிலையில் பார்த்தேன், இரையைக் கவ்வினாலும் அதனால் கடிக்க முடியவில்லை. கால்சியம் உடம்பில் சேர டி3 வைட்டமினும் வேண்டும். பொடியிலும் கொடுக்கலாம், மென்மையான யூவிபி (புற ஊதாக் கதிர்) விளக்காலும் கொடுக்கலாம். இரண்டையும் அள்ளிக் கொடுத்தால் அதுவும் கெடுதல். விளக்கு போட்ட பிறகு நான் டி3 கலந்த பொடியைக் குறைத்துக்கொண்டேன்.

நான்காம் ஆண்டில் முத்து திடீரென்று சாப்பாட்டை நிறுத்தினான். ஒரு வாரம், இரண்டு வாரம், ஐந்து வாரம். இரவெல்லாம் கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டு நடந்தான். எனக்குத் தூக்கம் போனது. மருத்துவரை அழைத்தபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "சாப்பிடலைங்கிறது இருக்கட்டும், எடை எவ்வளவு குறைஞ்சிருக்கு?" அப்போதுதான் தராசு வாங்கியிருந்தேன். 70 இருந்தது 67 ஆகியிருந்தது. "வால் தடிமனா இருக்கா? அப்போ பயப்படாதீங்க. ஆண் பல்லி, இணை தேடுற காலம். தண்ணி மட்டும் வெச்சுத் தொந்தரவு பண்ணாம விடுங்க." ஆறாம் வாரம் தானாகவே சாப்பிட்டான். இதற்கு வால்தான் கொழுப்புச் சேமிப்பு. அது இருக்கும்வரை பட்டினியைத் தாங்கும்.

ஆறாம் ஆண்டில் நேர்மாறாக நடந்தது. முத்து நன்றாகச் சாப்பிட்டான், வைத்ததையெல்லாம் தின்றான். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எடை குறிக்கும் நோட்டில் மட்டும் 70, 68, 66, 63 என்று நான்கு வாரமாக இறங்கியது. கண்ணுக்கு வால் அப்படியேதான் தெரிந்தது. சாப்பிட்டும் இளைக்கிறான் என்ற அந்த ஒரு விஷயம்தான் என்னை உலுக்கியது. எச்சம் வேறு இளகலாக இருந்தது.

அப்போது நான் பயந்தது கிரிப்டோவுக்கு, அதாவது கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிக்கு. குடலைக் கெடுத்து, வால் குச்சியாகும்வரை உருக்கிவிடும். நம்பி இருக்கக்கூடிய மருந்து இதற்குக் கிடையாது. சாதாரண பிளீச்சிங் கரைசலுக்கும் கட்டுப்படாது. வழக்கமான எச்சப் பரிசோதனையில் தப்பிவிடக்கூடும் என்பதால் தனிச் சாயம் போட்டோ பிசிஆர் முறையிலோ பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒரு முறை இல்லை என்று வந்தாலும் போதாது, ஏனென்றால் அது எல்லா நாளும் எச்சத்தில் வெளிப்படாது. அன்று காலை போட்ட எச்சத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துப்போனோம். இரண்டு முறை பார்த்தும் கிரிப்டோ இல்லை. ஊசிப்புழுதான், அளவுக்கு மீறி. அந்தச் செய்தி கேட்டு என் மகள் அழுதுவிட்டாள். ஊசிப்புழு கொஞ்சமாக இருந்தால் தொல்லை தராது, பெருகினால் இளைக்க வைக்கும். எடைக்கு ஏற்ற அளவில் மருந்து கொடுத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கொடுத்தார்கள். புழுவின் முட்டை ஒட்டி மறுபடி உள்ளே போகாமலிருக்கத் தரை ஓடுகளை எடுத்துவிட்டுக் காகிதத் துண்டு விரித்துத் தினமும் மாற்றினேன். இரண்டு மாதத்தில் 69.

எடை பார்ப்பதில் ஒரு விஷயம். ஒரே கிழமையில், இரை கொடுப்பதற்கு முன் பாருங்கள். ஒரு எச்சம் போட்டாலே ஒரு கிராம் இறங்கும், அதற்கெல்லாம் பதறக் கூடாது. மூன்று நான்கு வாரம் தொடர்ந்து இறங்குகிறதா, பத்தில் ஒரு பங்கு போய்விட்டதா என்று பாருங்கள். சமையலறைத் தராசை இதற்கு எடுக்காதீர்கள். நலமாகத் தெரியும் பல்லியிடமும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். தனித் தராசு வையுங்கள், தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஏறும் எடையையும் கவனிக்க வேண்டும். மெழுகுப்புழுவை ஆசையாகத் தின்கிறதே என்று தினமும் கொடுத்தால் வால் கழுத்தைவிடப் பருத்து, ஈரல் கொழுத்துப்போகும். எப்போதாவது ஒன்று போதும்.

புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிறத்தை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். லெமன் ஃப்ராஸ்ட் வகை பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் அதே மரபணு தோலில் வெள்ளைக் கட்டிகளையும் உண்டாக்குகிறது. ஸ்பின்ட்1 என்ற மரபணுவோடு அதற்குத் தொடர்பு இருப்பதாக 2021-ல் வெளியான ஆய்வு காட்டியது. எனிக்மா வகையில் பல குட்டிகள் தலை சாய்ந்து, சுற்றிச் சுற்றி வரும், இரையைக் குறி பார்க்கவே தடுமாறும். இவற்றை இன்னும் பெருக்கி விற்பது எனக்கு ஒப்பவில்லை. முத்து சாதாரண மஞ்சளும் கரும்புள்ளியும்தான்.

நேற்று மறுபடி தோல் உரித்தான். இடது பின்னங்காலில் நடுவிரலில் மெல்லிசாக ஒரு வளையம் தங்கியிருக்கிறது. மகள் டப்பாவில் வெந்நீர்த் துணியை விரித்து, அது வெதுவெதுப்பாக ஆறட்டும் என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.