சத்ரியா ஜிடிஐ வாங்குகிறவர்கள் முதலில் கிராண்டைப் பாருங்கள்

பழைய புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ காரைப் பார்க்கப் போனால் போனட்டைத் திறப்பதற்கு முன்னால் கிராண்டை (வண்டியின் பதிவுப் பத்திரம்) கேட்டு வாங்குங்கள். அசல் வண்டி என்றால் அதில் 1834 சிசி இருக்கும், இயந்திர எண்ணும் 4ஜி93 என்றுதான் ஆரம்பிக்கும். 1.3, 1.5 சத்ரியாவுக்கு பாடிகிட் மாட்டி, எங்கிருந்தோ ரெக்காரோ சீட்டைக் கொண்டுவந்து போட்டு, பின்னால் ஜிடிஐ எழுத்தை ஒட்டி விற்கிற வண்டிகள் நிறையவே ஓடுகின்றன. சுங்கை சிப்புட் பக்கம் நான் பார்த்த முதல் இரண்டும் அப்படித்தான், விற்க வந்த தம்பி "ஒரிஜினல்ண்ணே" என்று சூடம் அணைக்காத குறை.

அசல் கிடைத்துவிட்டால் இயந்திரத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். மிட்சுபிசியின் 1.8 டுவின்கேம், ஏறக்குறைய 140 குதிரைத்திறன், ஒரு டன் சொச்சம் எடையுள்ள வண்டிக்கு அது தாராளம். ஈப்போவுக்குப் போகும்போது மெனோரா ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மிதித்துப் பாருங்கள், புரியும். அதே ஏற்றத்தில் வெப்பமுள் நகர்கிறதா என்றும் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டர் அடைத்திருந்தால் ஊருக்குள் ஓட்டும்போது தெரியாது, அங்கேதான் தெரியும்.

காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் டிக் டிக் என்று சத்தம் வந்தால் பயப்படாதீர்கள், வால்வுப் பக்கம் இருக்கிற ஹைட்ராலிக் லிஃப்டர்தான் அது. சூடானதும் நின்றுவிட்டால் சரி, நிற்காவிட்டால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். பிளக் வயரைக் கழற்றிப் பார்த்தால் குழிக்குள் எண்ணெய் தேங்கியிருக்கும், மேல்மூடி ரப்பர் காய்ந்துபோன கதைதான், சின்ன வேலை. ஐட்லிங் ஏறி இறங்கினால் காற்று உள்ளே போகிற திராட்டல் பாடியைக் கழுவிப் பார்த்துவிட்டு அப்புறம் ஐட்லிங் மோட்டாரைச் சந்தேகப்படுங்கள். டைமிங் பெல்ட் மட்டும் விளையாட்டில்லை. விற்றவர் மாற்றியாச்சு என்று சொன்னாலும் ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள், அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதி வளைந்துவிடும், அதோடு வண்டி விலையில் பாதி போய்விடும். நான் வாங்கிய வாரமே வாட்டர் பம்ப்போடு சேர்த்து மாற்றிவிட்டேன்.

உண்மையில் என் உயிரை எடுத்தது வயரிங். எனக்கு முன்னால் எத்தனை பேர் கைவைத்தார்களோ, அலாரத்துக்கு ஒன்று, ஸ்பீக்கருக்கு ஒன்று, ஏதோ டர்போ டைமருக்கு ஒன்று (டர்போவே இல்லாத வண்டிக்கு!), எல்லாவற்றையும் வெட்டிக் கறுப்பு டேப் சுற்றி டாஷ்போர்டுக்கு உள்ளே திணித்து வைத்திருந்தார்கள். மழை பெய்தால் ஸ்டார்ட் ஆகாது, வெயில் அடித்தால் ஆகும். மூன்று பட்டறை மாறி, கடைசியில் தோட்டத்து டிராக்டர்களுக்கு வயர் வேலை பார்க்கிற ஒரு மாமாதான் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாக உருவி எடுத்தார். கூலி 150 வெள்ளி (ரிங்கிட்), மதியம் கோழிக்கறிச் சோறு.

இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம் மெருகேற்றிய சஸ்பென்ஷன் என்று பெருமையாகச் சொல்கிறார்களே, வளைவில் அது உண்மை. ஆனால் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் குழி தோண்டிவிட்ட செம்மண் சடக்கில் தினமும் வீட்டுக்குப் போகிறவனுக்கு புஷ் (சஸ்பென்ஷன் மூட்டு ரப்பர்) நிற்காது. பின் சக்கரங்களைப் பிடிக்கிற கைகள் பல, புஷ்ஷும் பல. ஒன்றை மாற்றினால் அடுத்தது கடகடவென்று ஆரம்பிக்கும், அதனால் மொத்தமாகச் செட்டாகவே போட்டுவிடுங்கள். தாழ்த்திய ஸ்பிரிங் போட்ட வண்டி என்றால் தோட்டத்துக்காரர்கள் தொடவே வேண்டாம்.

பவர் விண்டோவா? அந்தக் காலத்துப் புரோட்டோனில் அது பழுதாகி நிற்பது ஊரறிந்த சங்கதி. டோல் சாவடியில் கதவைத் திறந்து கார்டை நீட்டப் பழகிக்கொள்ளுங்கள்.

உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை, இயந்திரச் சாமான்கள் போத்தோங் கடையிலேயே (பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற கடை) கிடைத்துவிடும். அசல் பம்பரும் கிழியாத ரெக்காரோ துணியும்தான் கிடைப்பதில்லை, அதனால் வாங்கும்போதே அவை முழுசாக இருக்கிற வண்டியாகப் பாருங்கள், பெயின்ட் மங்கியிருந்தாலும் பரவாயில்லை.