இலங்கை மலைநாட்டுக்கு ஒரு பயணத் திட்டம்: தருமபுரி ஆலோசனை நிலையத்தைப் பற்றிய மதிப்பீடு

தருமபுரிப் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு மாடி அறையில் இயங்கும் இந்தச் சிறிய நிலையம் விமானச் சீட்டோ விடுதி அறையோ விற்பதில்லை. எந்த வழியில், எந்த நேரத்தில், எவ்வளவு தூரம் போவது என்பதை மட்டும் வகுத்து எழுதித் தருகிறது. 2025 மார்ச்சில் நான், என் மனைவி, தங்கை, மைத்துனர் ஆகிய நால்வரும் இலங்கை மலைநாட்டில் ஏழு நாள் வாடகைக் காரை நாங்களே ஓட்டிச் சென்று மலையேற விரும்பியபோது, 3,500 ரூபாய் கொடுத்து அங்கே ஒரு திட்டம் வாங்கினோம்.

முதல் சந்திப்பில் அங்கிருந்த அம்மையார் இலங்கையைப் பற்றி எதுவும் பேசவில்லை. யாருக்கு முழங்கால் வலி, யாருக்கு உயரத்தைக் கண்டால் தலை சுற்றும், மலைப்பாதையில் கடைசியாக யார் எப்போது வண்டி ஓட்டினார் என்றுதான் கேட்டார். பிறகு, காரை வத்தல்மலைக்கு ஏற்றி, இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் குறைந்த கியரிலேயே இறக்கிப் பழகி வருமாறு மைத்துனரிடம் சொன்னார். தொப்பூர்க் கணவாயில் நியூட்ரலில் இறங்கிப் பிரேக் பிடிக்காமல் மோதும் லாரிகளைப் பற்றிக் கேட்டே வளர்ந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பணம் வாங்கிக்கொண்டு வரைபடத்தை நீட்டுவோர் நடுவே, இப்படிப் பயிற்சிக்கு அனுப்பியவரை நான் மதிக்கிறேன்.

திட்டத்தின் உண்மையான பலம் நேரக் கணக்கில் இருந்தது. கண்டியிலிருந்து நுவரெலியா ஏறக்குறைய தருமபுரியிலிருந்து சேலம் போகும் தூரம்தான். ஆனால் றம்பொடை வளைவுகளில் பேருந்துகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஏற வேண்டியிருப்பதால் மூன்று மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள், எங்களுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே ஆனது. மாலை ஐந்து மணிக்குப் பின் மலைச்சாலையில் வண்டி ஓடக் கூடாது என்ற வரி ஒவ்வொரு நாளின் பக்கத்திலும் இருந்தது. எல்லவிலிருந்து இராவணன் அருவியைக் கடந்து வெல்லவாய நோக்கி இறங்கும் சாலையைப் பகலில் மட்டுமே கடக்குமாறு தனியாகக் கோடிட்டிருந்தார்கள். நாங்கள் ஊர் திரும்பிய சில மாதங்களில், அந்த ஆண்டு செப்டம்பரில், அதே சாலையில் இரவில் ஒரு பேருந்து பள்ளத்தில் விழுந்து 15 பேர் உயிரிழந்த செய்தியைப் படித்தபோது, அந்தப் பக்கத்தை எடுத்து மீண்டும் ஒருமுறை பார்த்தேன்.

மலையேற்றப் பகுதியிலும் இதே கண்டிப்பு இருந்தது. ஹோர்ட்டன் சமவெளியில் 800 மீட்டருக்கும் மேல் செங்குத்தாக இறங்கும் ‘உலக முடிவு’ (World's End) என்ற பாறை விளிம்புக்கு, மூடுபனி ஏறுவதற்கு முன் சேர வேண்டும் என்பதால் காலை ஆறு மணிக்கே நுழைவாயிலில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். ஒன்பது மணியளவில் எதிரே வெண்மையைத் தவிர எதுவும் தெரியாமல் போனது. எல்ல பாறைக்குச் செல்ல ரயில் தண்டவாளத்தையொட்டி நடக்க வேண்டும், கிளைப் பாதைகளும் பல. எங்கே இருந்தாலும் பகல் 11 மணிக்குத் திரும்பிவிட வேண்டும் என்று எழுதியிருந்தது. பாதை தவறியதால் அந்த நேரத்தில் நாங்கள் உச்சியை எட்டியிருக்கவில்லை. தங்கைக்குத் திரும்ப மனமே இல்லை. அன்று பிற்பகல் மழையும் வரவில்லை. ஆயினும், களைத்த கால்களோடு சறுக்கும் மண்ணில் அவசரமாக இறங்க நேராததால், திரும்பியது சரியென்றே இன்றும் கருதுகிறேன்.

மண்சரிவு எச்சரிக்கைகளின் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நிலைகளுக்கான பொருளும், இலவச ஆம்புலன்சுக்கான 1990 என்ற எண்ணும் முதல் பக்கத்திலேயே இருந்தன.

குறைகளும் உண்டு, அவற்றில் ஒன்று பெரியது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெற்ற சர்வதேச ஓட்டுநர் அனுமதி மட்டும் இலங்கையில் போதாது, அங்கும் அதற்கு ஒப்புதல் பெற வேண்டும் என்பதை அவர்கள் சரியாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் அதற்குக் குறித்திருந்த நாள் பௌர்ணமி. இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் பொது விடுமுறை என்பதால் கொழும்பில் ஒரு நாள் முழுவதும் வீணானது. வழி வகுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் நாட்காட்டியைப் பார்க்கத் தவறியது ஏற்கத்தக்கதன்று. சிவனொளிபாத மலைக்கு இரவில் ஏறுவதற்கான நேரத்தை நிமிடக் கணக்கில் குறித்தவர்கள், ஆயிரக்கணக்கான படிகளில் காலை வெயிலில் இறங்கும்போது முழங்கால் படும் பாட்டையும் அதற்குப் பின் தேவைப்படும் ஓய்வையும் எழுதாமல் விட்டார்கள். அன்று பிற்பகலே நெடுந்தூரம் வண்டி ஓட்டுமாறு திட்டம் இருந்தது. மைத்துனர் மறுத்துவிட்டார், அட்டன் பக்கத்திலேயே தங்கினோம்.

ஊர் வந்ததும் இரண்டையும் நேரில் சென்று சொன்னேன். அம்மையார் வாதாடாமல் குறித்துக்கொண்டு, கட்டணத்தில் 1,000 ரூபாயைத் திருப்பித் தந்தார். தாங்களே கார் ஓட்டிச் செல்ல நினைக்கும் குடும்பத்தினர் தயங்காமல் இவர்களிடம் போகலாம். போகும்போது அந்த மாதத்துப் பௌர்ணமித் தேதியைக் கையில் எழுதிக்கொண்டு போங்கள்.