ஒரே பெயர், ஒரே இனிஷியல்: பிறர் கடனுக்குச் சம்பளம் ஜப்தி ஆனால் எதிலும் கையெழுத்திடாதீர்கள்

வேறொருவர் வாங்கிய கடனுக்காக என் சம்பளம் மாதக்கணக்கில் பிடிக்கப்பட்டது. நீதிமன்றம் ஜப்தியை நீக்கிய பிறகும் பணம் முழுமையாகத் திரும்பவில்லை. மாதச் சம்பளக்காரர் எவருக்கும் இது நேரலாம் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

சம்பளச் சீட்டில் 'கோர்ட் பிடித்தம்' என்றிருந்ததைக் கண்டு கணக்குப் பிரிவில் விசாரித்தேன். நீதிமன்ற உத்தரவு வந்திருப்பதாகவும், அதை மீறிச் சம்பளத்தை முழுதாகக் கொடுத்தால் நிறுவனமே அத்தொகைக்குப் பொறுப்பாக நேரிடும் என்றும் சொன்னார்கள். அது உண்மைதான். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 21, விதி 48-ஏ தனியார் நிறுவனங்களை அப்படித்தான் கட்டுப்படுத்துகிறது. ஆகவே மனிதவளப் பிரிவில் மன்றாடிப் பயனில்லை. உத்தரவின் நகலையும் வழக்கு எண்ணையும் மட்டும் அங்கே கேட்டு வாங்குங்கள்.

பணம் கோரியது ஒரு தனியார் நிதி நிறுவனம். அதன் கிளை மேலாளர் என்னை உட்காரவைத்து அன்பாகப் பேசி, பாதித் தொகையைக் கட்டினால் வழக்கை முடித்துக்கொள்வதாகச் சொல்லி, தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்த கடிதத்தை நீட்டினார். "மேற்படி கடனுக்கு ஜாமீன்தாரராகிய நான்" என்று அது தொடங்கியது. இந்தப் பதிவின் நோக்கமே அந்தக் கடிதத்தைப் பற்றி எச்சரிப்பதுதான். அதில் கையெழுத்திட்டிருந்தால், எனக்குத் தொடர்பே இல்லாத கடனை நானே ஒப்புக்கொண்டதற்கு எழுத்து மூலமான சான்று அவர்கள் கையில் இருந்திருக்கும். நான் மறுத்ததும் அந்த அன்பு மறைந்து, வேலை போய்விடும் என்ற மிரட்டல் தொடங்கியது.

வக்கீல் மூலம் நகல் மனு போட்டு வழக்குக் கட்டை வாங்கிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. உண்மையான ஜாமீன்தாரருக்கும் எனக்கும் ஒரே பெயர். அவர் தந்தை சுப்பிரமணியன், என் தந்தை சண்முகம். ஆங்கிலத்தில் இருவருக்கும் 'எஸ்' என்ற ஒரே இனிஷியல். நான் ஒருநாளும் குடியிருந்திராத வீட்டின் பூட்டிய கதவில் சம்மன் ஒட்டப்பட்டு, யாரும் ஆஜராகாததால் எக்ஸ்பார்ட்டியாக, அதாவது ஒருதலைப்பட்சமாக, தீர்ப்பாகியிருந்தது. கடன் பத்திரத்தில் ஒட்டியிருந்த புகைப்படத்தில் வேறொரு மனிதர் இருந்தார். அந்தப் படத்தை ஒருமுறை பார்த்திருந்தாலே போதும், தீர்ப்புத் தொகையை வசூலிக்கப் போடும் நிறைவேற்று மனுவில் என் அலுவலக முகவரியை எழுதியிருக்க மாட்டார்கள். இதை வெறும் கவனக்குறைவு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இங்கே இருவகை நிலைமைகளைப் பிரித்தறிய வேண்டும். பெயர் ஒற்றுமையால் ஆள் மாறிப்போயிருந்தால், நீங்கள் அந்தத் தீர்ப்பின் கடனாளியே அல்ல என்று நிறைவேற்று நீதிமன்றத்தில் ஆட்சேப மனு தாக்கல் செய்து, பான், ஆதார், கையெழுத்து மாதிரி ஆகியவற்றை முன்வைக்க வேண்டும். மாறாக, உங்கள் பெயரிலேயே யாரோ போலிக் கையெழுத்திட்டுக் கடன் வாங்கியிருந்து, சம்மனும் உங்களிடம் முறையாகச் சேர்ப்பிக்கப்படாமல் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாகியிருந்தால், கட்டளை 9, விதி 13-இன் கீழ் அத்தீர்ப்பை நீக்கக் கோரலாம். தீர்ப்பு உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 30 நாள்களே கெடு. போலிக் கையெழுத்துக்குக் காவல் நிலையத்தில் தனியே புகாரும் கொடுக்க வேண்டும்.

பிடித்தத்துக்கும் சட்டத்தில் வரம்பு உண்டு. அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 60-இன்படி, ஜீவனாம்சம் அல்லாத கடன் தீர்ப்புகளில் சம்பளத்தின் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது. இந்தக் கணக்கீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படும் சம்பளம் 31,000 ரூபாய் என்றால் 10,000 ரூபாய்க்கு மேல் பிடிக்க முடியாது. ஒரே தீர்ப்புக்காக மொத்தம் 24 மாதங்களுக்கு மேல் சம்பளத்தை ஜப்தியில் வைத்திருக்கவும் முடியாது.

என் மனு ஏற்கப்பட்டு ஜப்தி நீங்கியது. என் நிறுவனம் கட்டிய தொகையில் நீதிமன்ற வைப்பிலேயே இருந்த பகுதி திரும்பக் கிடைத்தது. வைப்பிலிருந்த பணத்தைக் கேட்டு நிதி நிறுவனம் செக் மனு போட்டு எடுத்துச்சென்ற பகுதிக்காகத் தொடுத்த மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. ஆகவே ஆட்சேப மனுவோடு, விசாரணை முடியும்வரை வைப்பிலுள்ள பணத்தை எதிர்த்தரப்புக்குக் கொடுக்கக்கூடாது என்ற இடைக்கால மனுவையும் அதே நாளில் தாக்கல் செய்யும்படி உங்கள் வக்கீலிடம் வற்புறுத்திச் சொல்லுங்கள்.