பேக் ஃபயரும் 2,300 ரூபாய் டைமிங் லைட்டும்

வண்டி 1978 அம்பாசடர் மார்க் 3, பெட்ரோல், 1489 சிசி. வாங்கியது துப்பாக்கி மாதிரி கையில் பிடிக்கிற டைமிங் லைட், அதாவது பிளக்கில் தீப்பொறி சரியான நேரத்தில் விழுகிறதா என்று காட்டுகிற விளக்கு, ஆன்லைனில் 2,300 ரூபாய். டப்பாவில் பிராண்டு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. மூன்று மாதமாக வைத்திருக்கிறேன்.

வாங்க வைத்தது ஏற்காடு மலைப்பாதை. 20 கொண்டை ஊசி வளைவுகளில் நாலாவதுக்குள்ளேயே கார்புரேட்டர் பக்கம் டப் டப் என்று துப்ப ஆரம்பித்தது, இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சைலன்சரில் லட்சுமி வெடி. பின்னால் வந்த பைக்காரர் பயந்துபோய் பிரேக் போட்டார். ஒரு ஒர்க் ஷாப்பில் விட்டேன், சிபி பாயிண்ட் (திறந்து மூடித் தீப்பொறியை உண்டாக்குகிற முனை), கண்டன்சர், பிளக், பிளக் வயர் எல்லாவற்றையும் மாற்றி, கார்புரேட்டரைக் கழுவி, பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிட்டு அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரைச் சத்தம் கேட்டுக் கேட்டே திருப்பி வைத்து, "தையல் மிஷின் மாதிரி ஓடுது சார்" என்று 4,800 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். பத்தே நாள், மறுபடி வெடி.

காதால் டைமிங் வைப்பதைக் கேலி செய்யவில்லை, நன்றாக இருக்கிற இன்ஜினுக்கு அது போதும். ஆனால் தீப்பொறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு இடத்தில் விழுந்துகொண்டிருந்தால் காது என்ன செய்யும்? இன்லெட் வால்வு மூடுவதற்குள் பற்றிக்கொண்டால் கார்புரேட்டர் வழியாகத் துப்பும். சிலிண்டரில் எரியாமல் போன பெட்ரோல் சைலன்சருக்குள் போய்ப் பற்றினால் வெடி. பெட்ரோல் கலவை மெலிந்திருந்தாலும் இதெல்லாம் வரும் என்பதால்தான் ஆளாளுக்கு முதலில் கார்புரேட்டர் மேல் கை வைக்கிறார்கள்.

சரி, லைட்டுக்கு வருகிறேன். இரண்டு கிளிப் பேட்டரிக்கு, மூன்றாவது ஒன்றாம் நம்பர் பிளக் வயர் மேல் கவ்வ வேண்டும், அதிலுள்ள அம்புக்குறி பிளக்கைப் பார்க்க வேண்டும். அந்தப் பிளக்கில் தீப்பொறி விழும்போதெல்லாம் லைட் மின்னும். கிராங்க் புல்லியில் உள்ள வெட்டில் சாக்பீஸ் தேய்த்து, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிற வேக்வம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, இன்ஜினை ஸ்லோவில் ஓடவிட்டு லைட்டை அடித்தால் டைமிங் கவரில் இருக்கிற பற்களுக்கு நேரே அந்த வெள்ளைக் கோடு அப்படியே நின்ற மாதிரி தெரியும். நீளமான பல் டிடிசி, அதாவது பிஸ்டன் உச்சியில் இருக்கிற நிலை, மற்றவை அதற்கு முன் 5, 10 டிகிரி. குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். புல்லி நின்ற மாதிரி தெரிகிறதே தவிர ஃபேன் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, தோளில் துண்டு போட்டுக்கொண்டு இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

என் வண்டியில் கோடு நிற்கவே இல்லை, நடுங்கியது. ரேஸ் பண்ணினால் அட்வான்ஸ் ஆனது (தீப்பொறி இன்னும் முன்னாலேயே விழுந்தது), அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிற எடைகள் வேலை செய்கின்றன, ஆனால் நடுக்கம் மட்டும் போகவில்லை. அப்புறம்தான் தோன்றியது, கிளிப்பைக் கழற்றி நாலாம் நம்பர் வயரில் மாட்டினேன். ஃபயரிங் ஆர்டர் (பிளக்குகளில் தீப்பொறி விழும் வரிசை) 1-3-4-2, ஒன்றும் நாலும் ஒன்றாகவே மேலே ஏறுகிற பிஸ்டன்கள், அதனால் இரண்டுக்கும் கோடு ஒரே இடத்தில்தான் தெரிய வேண்டும். எனக்கு ஒரு பல் தள்ளித் தெரிந்தது. கிட்டத்தட்ட 5 டிகிரி! டைமிங் செயின் தளர்ந்திருந்தாலும் கோடு அலையும்தான், ஆனால் அது இரண்டு வயருக்கும் ஒரே மாதிரி அலையும். இது டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே இருக்கிற கோளாறு.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே ஷாஃப்ட் மேல் சுற்றுகிற ரோட்டாரைப் பக்கவாட்டில் அசைத்தேன், விழப்போகிற பால்பல் மாதிரி ஆடியது. ஷாஃப்ட்டைத் தாங்குகிற புஷ் தேய்ந்திருக்கிறது. ஷாஃப்ட் ஆடினால் சிபி பாயிண்ட் இடைவெளியை 15 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) என்று எவ்வளவு கவனமாக வைத்தாலும் ஷாஃப்ட்டின் அடுத்த முனைக்கு வரும்போது அது 15 இல்லை, புது பாயிண்ட் போட்டு என்ன பிரயோஜனம்? லேத் பட்டறையில் வெண்கல புஷ் கடைந்து அடித்துக் கொடுத்தார்கள், 700 ரூபாய். இப்போது கோடு நிற்கிறது, ஒன்றிலும் நாலிலும் ஒரே இடத்தில். ஏற்காடு போய்வந்தேன், துப்பவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. லைட்டின் பின்பக்கம் இருக்கிற அட்வான்ஸ் டயல் சுத்த வேஸ்ட், 10 டிகிரி வைத்துப் பார்த்தால் பற்களில் 7 தான் வருகிறது, டயல் இல்லாத மாடல் இதைவிட விலை குறைவு, அதையே வாங்குங்கள். வெயிலில் வெளிச்சம் தெரியாது, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் வேலை. வயர் நீளம் போதவில்லை. பிளக் வயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் கிளிப் பக்கத்து வயரின் தீப்பொறிக்கும் சேர்ந்து மின்னுகிறது, முதல் நாள் இதில் அரை மணி நேரம் குழம்பினேன், வயர்களைப் பிரித்து வைத்ததும் சரியானது.

இன்னொன்று, புல்லியில் உள்ள கோடு உண்மை சொன்னால்தான் லைட்டும் உண்மை சொல்லும். யாராவது புல்லியை மாற்றியிருக்கலாம். அதனால் ஒன்றாம் பிளக்கைக் கழற்றி, ஓட்டையைக் கட்டை விரலால் அடைத்து, கம்ப்ரஷன் தள்ளும்போது நிறுத்தி, ஒரு நீள ஸ்குரூ டிரைவரைச் சும்மா உள்ளே விட்டு பிஸ்டன் உச்சிக்கு வருகிறதா, அப்போது கோடு நீளப் பல்லுக்கு நேரே இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். இறக்கத்தில் காலை எடுக்கும்போது சைலன்சரில் லேசாக ஒரு பட் சத்தம் இன்னும் வருகிறது. இன்ஜினிலிருந்து புகை வெளியேறுகிற மேனிஃபோல்டு ஜாயிண்ட்டில் காற்று இழுக்கிறதோ என்று சந்தேகம், அதை இந்த லைட் காட்டாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேஸ்கெட்டைக் கழற்றுகிறேன்.